5.5 மில்லிவோல்ட்டா, 0.3 மில்லிவோல்ட்டா: கார்ட்ரிட்ஜ் வாங்குமுன் ஓர் அலசல்

இசைத்தட்டில் ஓடும் ஊசியின் அசைவை மின் சிக்னலாக மாற்றும் பாகம்தான் கார்ட்ரிட்ஜ். அது தரும் வோல்டேஜ், அதாவது அவுட்புட், குறையக் குறைய சத்தத்தின் தரம் கூடும் என்று வினைல் கேட்பவர்களிடையே ஒரு நம்பிக்கை உண்டு. அதில் பாதிதான் உண்மை. மூன்று கார்ட்ரிட்ஜ்களை எடுத்துக்கொள்வோம்: ஆர்ட்டோஃபோன் 2எம் ரெட் (மூவிங் மேக்னட், சுருக்கமாக எம்.எம்., 5.5 மில்லிவோல்ட்), டெனான் டிஎல்-110 (மூவிங் காயில், அதாவது எம்.சி.தான், ஆனால் அவுட்புட் அதிகம், 1.6), டெனான் டிஎல்-103 (மூவிங் காயில், வெறும் 0.3).

ரெட்டில் ஊசியோடு சேர்ந்து ஆடுவது காந்தம். காயில் அசையாமல் நிற்பதால் எத்தனை சுற்று வேண்டுமானாலும் சுற்றலாம், வோல்டேஜ் தாராளமாக வரும். ஆனால் சுற்று கூடினால் இண்டக்டன்ஸும் (மின்னோட்டம் மாறுவதை எதிர்க்கும் குணம்) கூடும்; ரெட்டில் அது 700 மில்லிஹென்றி. கேபிளும் ஃபோனோ ஸ்டேஜும் (கார்ட்ரிட்ஜின் சிறு சிக்னலைப் பெருக்கும் கருவி) சேர்ந்து 200 பிகோஃபாரட் கெப்பாசிட்டன்ஸ் (மின்னேற்றத்தைத் தேக்கும் திறன்) என்று வையுங்கள், கிட்டத்தட்ட 13.5 கிலோஹெர்ட்ஸில் ஒரு ரெசனன்ஸ், அதாவது ஒத்ததிர்வு, உட்கார்ந்துகொள்ளும், அதைத் தாண்டினால் சரிவுதான். ஒரே ரெட் ஒருவர் வீட்டில் காதைக் குத்துவதாகவும் இன்னொருவர் வீட்டில் மந்தமாகவும் கேட்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். நீளமான கேபிளை மாற்றிப் பார்க்காமல் கார்ட்ரிட்ஜைத் திட்டாதீர்கள்.

103-இல் ஆடுவது காயிலே, ஆகவே அது இலேசாக இருக்க வேண்டும், சுற்றும் குறைவு. வோல்டேஜ் போய்விட்டது, ஆனால் இண்டக்டன்ஸும் போய்விட்டது. கேபிளோடு சேர்ந்து வரும் ரெசனன்ஸ் காதுக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விடுகிறது. நம்பிக்கையில் உண்மையான பாதி இதுதான்.

மீதிப் பாதி இடிப்பது ஊசி முனையில். 103 ஜப்பானின் என்ஹெச்கே ஒலிபரப்புக்காக 1960களில் உருவானது, அதன் முனை உருண்டை வடிவம், ஆரம் 16.5 மைக்ரான். இசைத்தட்டின் உள்வட்டத்துக்கு வரும்போது பள்ளத்தின் நெளிவுகள் நெருங்கிவிடும், உருண்டை முனையால் அதற்குள் முழுதாக இறங்க முடியாது. அதே ஆர்ட்டோஃபோன் வரிசையில் 2எம் பிளாக்கின் அவுட்புட் 5 மில்லிவோல்ட், முனை ஷிபாட்டா, அதாவது நெருங்கிய நெளிவுகளுக்குள்ளும் இறங்கும் மெல்லிய வடிவம். கடைசிப் பாட்டில் "ச", "ஷ" சத்தங்கள் சிதறாமல் வர வேண்டுமென்றால் நான் அதன் பக்கம்தான். வோல்ட்டேஜைப் பார்த்து வாங்குபவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை.

அப்புறம் இரைச்சல். ரெட்டுக்கு 40 டெசிபல் கெயின் (சிக்னலைப் பெருக்கும் அளவு) போதும், 103-க்கு 60 பக்கம் வேண்டும், அதாவது பத்து மடங்கு கூடுதல். மலிவான ஃபோனோ ஸ்டேஜில் எம்.சி. பட்டன் இருக்கிறதே என்று அழுத்தினால் பாட்டுக்கு முன்னாடி 'உஸ்' சத்தமும் ஹம்மும் வந்து நிற்கும். நல்ல ஃபோனோ ஸ்டேஜ் என்றால் தட்டின் சொந்த இரைச்சலே அதை மூடிவிடும். ஆக, 103-இன் விலையோடு அந்தச் செலவையும் கூட்டித்தான் கணக்குப் போட வேண்டும். இலேசான டோன் ஆர்ம் (கார்ட்ரிட்ஜைத் தாங்கும் கை) வைத்திருப்பவர்களுக்கு 103 வேண்டவே வேண்டாம்; அது ஊசி தட்டை 2.5 கிராம் எடையில் அழுத்தி ஓடும் விறைப்பான கார்ட்ரிட்ஜ், கனமான ஆர்ம் கேட்கும்.

110 நடுவில் நிற்கிறது: நீள்வட்ட முனை, ஊசி அழுத்தம் 1.8 கிராம், சாதாரண எம்.எம். இன்புட்டிலேயே ஓடும், வால்யூமை மட்டும் கொஞ்சம் ஏற்ற வேண்டும். ரெட்டோடு ஒப்பிட்டுக் கேட்பதென்றால் இங்கேதான் உஷார். இரண்டுக்கும் கிட்டத்தட்ட 10.7 டெசிபல் வித்தியாசம். வால்யூமைத் தொடாமல் மாற்றினால் ரெட் ஜெயித்ததுபோலத்தான் தோன்றும், ஏனென்றால் சத்தமாகக் கேட்பது எப்போதும் நல்லதாகவே கேட்கும்.

எம்.எம். இன்புட் மட்டும் இருக்கிறவருக்கு 110 என்பேன். ஆனால் ஊசி தேய்ந்தால் அதைக் கையால் கழற்றி மாற்ற முடியாது, முழு கார்ட்ரிட்ஜ் செலவு. அந்தப் பயம் இருந்தால் சரி, ரெட்டையே வாங்குங்கள். பின்னாடி அதே உடம்பில் 2எம் ப்ளூ ஊசியைச் செருகிக்கொள்ளலாம்.