பினாங்கு ஈரத்தில் பைப் புகையிலை: டின் திறந்த பிறகு

திறந்த பைப் புகையிலையைப் பற்றிக் குளிர்நாட்டுக்காரர்கள் சொல்லும் அறிவுரை எல்லாம் ஒரே திசையில்தான் போகும்: காய விடாதே, டின்னுக்குள் ஆப்பிள் தோல் போடு, நனைத்த பஞ்சு வை. பினாங்கின் ஜெலுத்தோங்கில் குடியிருப்பவர் அதை அப்படியே செய்தால் புகையிலை பாழ். பினாங்கில் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 80 விழுக்காட்டை ஒட்டியே நிற்கிறது. புகையிலையோ தன்னைச் சுற்றியுள்ள காற்றின் ஈரத்தை அப்படியே வாங்கிக்கொள்ளும். புகைக்கத் தோதான நிலை 60 முதல் 65 விழுக்காடு. 70-க்கு மேலே போய் அங்கேயே தங்கிவிட்டால் பூஞ்சைக்குக் கதவு திறந்த மாதிரிதான். அதே டின்னை நாள் முழுக்க ஏர்கோன் ஓடும் அறையில் திறந்து வையுங்கள், சருகாகக் காய்ந்துவிடும். ஆக, ஒரே வீட்டுக்குள் இரண்டு தொல்லை.

2019 ஜனவரியில் மலேசியாவில் சாப்பாட்டுக் கடைகளில் புகைக்கத் தடை வந்ததிலிருந்து எனக்குப் பைப் என்பது பால்கனியோடு சரி. எப்போதாவதுதான் எடுப்பேன். 50 கிராம் டின் ஒன்று மாதக்கணக்கில் நிற்கும். பாதுகாப்பில் நான் இவ்வளவு அக்கறை எடுப்பது அதனால்தான்.

பல வருடப் புழக்கத்தில் நான் நம்புவது ரப்பர் வளையம் வைத்த கண்ணாடிப் போத்தலை மட்டும். டின் தொழிற்சாலையில் காற்றை உறிஞ்சி மூடப்பட்டது. திறக்கும்போது 'உஸ்' என்று ஒரு சத்தம் வருமே, அதோடு அதன் வேலை முடிந்தது. பிறகு மூடி சும்மா மேலே உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான். ஜிப் பிளாஸ்டிக் பையும் உதவாது. மறுநாள் அலமாரியைத் திறந்தால் புகையிலை வாசம் மூக்கில் அடிக்கும். வாசம் வெளியே வர வழி இருக்கிறது என்றால் ஈரம் உள்ளே போகவும் வழி இருக்கிறது.

சன்னமாக நறுக்கிய ரகம் 50 கிராம் என்றால் 250 மில்லி போத்தலில் அடங்கும். ஆனால் நான் அதை 120 மில்லி போத்தல் இரண்டில் பிரித்து, கழுத்துவரை நிரப்பி வைக்கிறேன். ஒன்று புழக்கத்துக்கு, மற்றது தொடாமல் இருக்க. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் நம் ஊர்க் காற்று உள்ளே போகிறது, அதைப் பாதியாகக் குறைக்க இதுதான் வழி. சோறு கொதிக்கும் அடுப்படியில் நின்று திறக்கவே கூடாது. தகடு தகடாக வரும் ஃபிளேக் ரகத்தை உதிர்க்காமல் அப்படியே வையுங்கள், ஈரம் நிதானமாக ஏறி இறங்கும். பழைய ஊறுகாய்ப் போத்தல் வேண்டாம். எத்தனை தடவை கழுவினாலும் மூடியில் அந்த நெடி போகாது. லட்டாகியா கலந்த புகையிலைக்குத் தனிப் போத்தல். புகையில் பதப்படுத்திய இலை அது, பக்கத்தில் இருப்பதையெல்லாம் தன் வாசமாக்கிவிடும்.

பட்டர்வொர்த் நண்பர் ஒருவர் ஆப்பிள் தோல் போட்டு வைத்த டின்னைக் கொண்டு வந்து, "அண்ணே, இது சீனி பூத்ததா, பூஞ்சையா?" என்று கேட்டார். விர்ஜீனியா இலையில் சர்க்கரை அதிகம், நாளாக ஆகச் சிலவற்றில் பளபளவென்று படிகம் பூக்கும். இது அப்படியில்லை. இலைக்கு இலை நூல் கோர்த்தது போல வெள்ளைப் பஞ்சு, பளபளப்பே இல்லை, முகர்ந்தால் நனைந்த துணி மூட்டையின் வாடை. பஞ்சுபோல இருந்தால் பூஞ்சைதான். மேலாக எடுத்துப் போட்டுவிட்டு மீதியைப் புகைக்கலாம் என்று நினைக்காதீர்கள், முழுவதையும் கொட்டிவிடுங்கள். அவரும் மனசில்லாமல் கொட்டினார்.

ஈரத்தைப் பார்க்க விரலே போதும். ஒரு சிட்டிகை எடுத்து அழுத்திவிட்டு விடுங்கள். உருண்டையாகவே நின்றால் ஈரம் அதிகம், நொறுங்கினால் காய்ந்துவிட்டது, மெல்ல விரிந்து கொடுத்தால் சரி. ஈரமாக இருந்தால் புகைக்கும் முன் காகிதத்தில் பரப்பி ஏர்கோன் அறையில் அரைமணி நேரம் வைப்பேன். மழை நாளில் ஜன்னலைத் திறந்துபோட்டு மின்விசிறிக்குக் கீழே பரப்பினால் நேரந்தான் வீண். காய்வதற்குப் பதில் இன்னும் ஈரம் ஏறும்.

போத்தலுக்குள் ஈரத்தை ஒரே அளவில் வைத்திருக்கும் பொவேடா பொட்டலங்களில் 62 எண் உள்ளதை, அதாவது 62 விழுக்காட்டுக்கானதை, வாங்கினேன். ஈரம் மிஞ்சினால் உறிஞ்சும், குறைந்தால் கொடுக்கும். நல்ல பொருள்தான், ஆனால் புழக்கத்தில் இருக்கும் போத்தலுக்கு மட்டும் போதும். இறுக்கி மூடி வைத்ததற்குத் தண்டச் செலவு. பொட்டலம் கட்டியாகிவிட்டால் மாற்றுங்கள். வாசனை ஏற்றிய ரகங்களில் ஈரம் பிடித்து வைக்கும் புரொப்பிலீன் கிளைகோல் இருப்பது வழக்கம் என்பதால் அவை சுலபத்தில் காயாது. வாசம்தான் போய்விடும், அதனால் அவற்றை முதலில் தீர்த்துவிடுங்கள்.

போத்தல்களை மேற்கு வெயில் படாத உள்சுவர் அலமாரியில், மேல் தட்டில் வைத்திருக்கிறேன். வெளிச்சமும் சூடும் ஆகாது என்பது ஒரு காரணம். வாயில் போட்டால் நிக்கோட்டின் நஞ்சு, பேரப்பிள்ளைகள் வந்து போகும் வீடு என்பது அதைவிடப் பெரிய காரணம். ஒவ்வொரு மூடியிலும் டேப் ஒட்டி, பெயரையும் டின் திறந்த தேதியையும் எழுதி வைத்துவிடுவேன்.