ஆடித் தள்ளுபடியில் ஒரு எலக்ட்ரிக் கிட்டார்: காயில் கட்டுகிறவன் பார்வையில்

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறேன். இருபது வருஷத்துக்கு முன்னால், ஊர் ஊராகக் கோயில் கொடைக்கு ஓடிய ஒரு இன்னிசைக் குழுவில் ரிதம் கிட்டார் வாசித்தவன். வாசித்த கிட்டார் என்னுடையது இல்லை. கச்சேரி முடிந்ததும் குழுக்காரர் அதை வாங்கி வேனில் ஏற்றிவிடுவார். எனக்கென்று ஒன்றை இந்த ஆடியில்தான் வாங்கினேன். மூன்று மாசம் வாசித்து, இரண்டு தடவை மொத்தமாகப் பிரித்து மாட்டிய பிறகு இதை எழுதுகிறேன்.

கடைப் பெயரும் கம்பெனிப் பெயரும் வேண்டாம். ஸ்ட்ராட் வடிவம் (ஃபெண்டர் கம்பெனியின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் மாதிரி), மூன்று சிங்கிள் காயில் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்குகிற காயில்), எந்தப் பிக்கப் பேச வேண்டும் என்று தேர்ந்தெடுக்க ஐந்து நிலை சுவிட்ச், ட்ரெமலோ பிரிட்ஜ் (கைப்பிடியால் அசைத்துச் சுருதியை ஏற்றி இறக்குகிற கம்பித் தாங்கி). பத்தாயிரத்துக்குள் இந்த வடிவத்தில் நான் எடுத்துப் பார்த்தவை எல்லாம் ஏறக்குறைய ஒரே அச்சுதான், குறைகளும் ஒரே மாதிரிதான். அதனால் நான் சொல்வது உங்கள் கையில் இருப்பதற்கும் பொருந்தலாம்.

அன்றைக்குப் போனது சேலை எடுக்க. கையில் ஜவுளிப் பையோடு மனைவி நிற்க, நான் இசைக்கருவிக் கடைக்குள் நுழைந்துவிட்டேன். 14,500 என்று அச்சடித்ததை அடித்துவிட்டு 8,900 என்று பேனாவால் எழுதியிருந்தார்கள்.

"டிஸ்ப்ளே பீஸ் அண்ணாச்சி, அதான் இந்த வெல. மத்தபடி ஒரு கொறையும் கெடையாது" என்றான் கடைப் பையன்.

"கொறை இல்லன்னா இந்த ஸ்டிக்கர் எதுக்குடே?"

கேபிள் செருகுகிற ஜாக் பக்கம் ஒரு நட்சத்திர ஸ்டிக்கர். உரித்துப் பார்த்தால் இரண்டு அங்குல நீளத்துக்குப் பெயிண்டில் கீறல். மரத்தில் விரிசல் இல்லை. அந்தக் கீறலால் விலை 8,500க்கு இறங்கியது. பை, கேபிள், தோளில் மாட்டுகிற பட்டை, மீட்டுவதற்கு மூன்று பிக் எல்லாம் அதற்குள். மனைவி ஒன்றே ஒன்று கேட்டாள்: "இதுலயும் காயில்தான இருக்கு? கடையில கட்டுறது பத்தலையா?"

பெயிண்ட், பிக்கப், கம்பி முறுக்குகிற கீ எதுவும் பெரிய விஷயமில்லை, எல்லாம் மாற்றிக்கொள்ளலாம். கழுத்து சரியில்லை என்றால் மட்டும் ஒன்றும் செய்வதற்கில்லை. அதனால் தச்சு வேலைக்காரர் பலகையைப் பார்க்கிற மாதிரி ஒரு கண்ணை மூடிக்கொண்டு தலைப்பக்கமிருந்து நீளவாக்கில் பார்த்தேன். முறுக்கு இல்லை. பிறகு தடித்த கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் (விரல் வைக்கிற பலகையில் குறுக்கே பதித்த உலோகக் கட்டு) கடைசி ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்தி, நடுவில் ஏழாவது எட்டாவது பக்கம் இடைவெளியைப் பார்த்தேன். விசிட்டிங் கார்டு நுழைகிற அளவு. அது இருக்க வேண்டியதுதான். அதைவிடக் கூடுதலாக இருந்தாலும், உள்ளே இருக்கிற இரும்புக் கம்பியை (டிரஸ் ராட் என்பார்கள்) கால் சுற்று, கால் சுற்றாக முடுக்கிச் சரிசெய்யலாம். முறுக்கு மட்டும் இருந்தால் கடையிலேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள், பாதி விலைக்குக் கொடுத்தாலும்.

கழுத்து மேப்பிள். விரல் வைக்கிற பலகை லாரல். 2017இல் ஈட்டி வகை மரங்களுக்கு உலக வர்த்தகக் கட்டுப்பாடு வந்தபோது பல கம்பெனிகள் இதற்கு மாறின. லாரல் என்றால் ஏதோ சீமை மரம் என்று நினைக்க வேண்டாம். இந்தியன் லாரல் என்பது நம்ம மலைக் காட்டில் நிற்கிற கருமருதுதான். திருப்புடைமருதூருக்குப் பெயர் கொடுத்த மருதுக்கு அது பங்காளி முறை. கொஞ்சம் வெளிறிப்போய் வறண்டு இருந்தது. மனைவி தேங்காய் எண்ணெய் தடவச் சொன்னாள், அது நாளானால் சிக்கு வாடை அடிக்கும். ஃப்ரெட்போர்டுக்கென்று விற்கிற மினரல் எண்ணெயை நாலு சொட்டு துணியில் விட்டுத் துடைத்ததும் நிறம் அடர்ந்தது.

வறட்சியால் வந்த தொல்லை இன்னொன்றும் உண்டு. ஆடியில் குற்றாலத்தில் சாரல் என்றால் இங்கே காற்றும் புழுதியும்தான். மரம் சுருங்கியதில் ஃப்ரெட் முனைகள் ஓரத்தில் துருத்திக்கொண்டு, கையைக் கழுத்தில் ஓட்டினால் மீன் செதில் மாதிரி கீறியது. பலகை முழுக்க டேப் ஒட்டிவிட்டு, நைஸ் அரத்தால் முனைகளை மட்டும் தட்டிவிட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதற்கே போனது.

அடுத்து டியூனிங். வாங்கிய முதல் வாரம் ஒரு பாட்டு முடிவதற்குள் ஜி கம்பியின் சுருதி கீழே இறங்கிவிடும். நெல்லையப்பர் கோயில் இசைத்தூணைத் தட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கல்லுக்கு டியூனிங் மாறுவதே இல்லை. எனக்கு வாய்த்தது கம்பி. எல்லோரும் உடனே "கீயை மாத்து" என்பார்கள். என்னிடமும் சொன்னார்கள். ஆனால் கீயை முறுக்கும்போது 'டிங்' என்று ஒரு சத்தம் வந்தால் குற்றம் கீயில் இல்லை, நட்டில் (கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் உட்கார்ந்து போகிற பள்ளக் கட்டை) கம்பி சிக்கிச் சிக்கி வழுக்குகிறது என்று அர்த்தம். என்னுடையதில் இருந்தது உள்ளே பொள்ளலான பிளாஸ்டிக் நட். முதலில் பென்சில் முனையால் பள்ளங்களில் கரி தேய்த்தேன், பாதி குணம். பிறகு 42 மில்லி அகல எலும்பு நட் ஒன்று 220 ரூபாய்க்கு வரவழைத்து, அடிப்பக்கத்தை உப்புத்தாளில் தேய்த்து உயரம் குறைத்து ஒட்டினேன். கம்பியும் புதுசு, 9 நம்பர் மெல்லிசு செட். 'டிங்' போய்விட்டது. பழைய கீகள் இன்றும் அப்படியே இருக்கின்றன.

ட்ரெமலோ கைப்பிடியை நான் தொடுவதில்லை. பிரிட்ஜை மிதக்கிற மாதிரி வைத்தால் ஒரு கம்பியைக் கொஞ்சம் இறக்கினாலும் மற்ற ஐந்தும் கூடவே நகரும். எதிர்வீட்டு மரக்கடையில் ஒரு தேக்குத் துண்டு வாங்கி, பின்பக்கக் குழியில் பிரிட்ஜின் இரும்புக் கட்டைக்கும் மரத்துக்கும் நடுவே இறுக்கமாகச் செருகிவிட்டேன். செலவு ஒரு டீ. இரும்புக் கட்டையையே நல்ல எஃகில் மாற்றலாம் என்கிறார்கள். மாற்றுகிறவர்கள் முதலில் ஸ்கேல் வைத்து அளந்துகொள்ளுங்கள். பிரிட்ஜை உடம்பில் பிடிக்கிற ஆறு ஸ்குரூவின் மொத்த இடைவெளி 52.5 மில்லியா 56 மில்லியா என்று பார்க்க வேண்டும். விலை குறைந்த கிட்டாரில் உடம்புப் பலகையும் மெல்லிசாக இருக்கும், முழு அளவுக் கட்டை பின்னால் நீட்டிக்கொண்டு நிற்கும்.

இனி என் தொழில். வெள்ளைத் தகட்டைக் கழற்றி பிக்கப்பைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. நான் நாள் முழுக்கச் சுற்றுகிற அதே எனாமல் தாமிரக் கம்பிதான், ஆனால் முடியைவிட மெல்லிசு. இந்த வகைக்கு வழக்கமாக 42 கேஜ், 0.063 மில்லி. அதில் ஏழாயிரம் எட்டாயிரம் சுற்று. மூன்று எச்பி மோட்டாருக்கு வார்னிஷில் முக்குகிறோம், இதை மெழுகில் முக்குகிறார்கள். இரண்டுக்கும் காரணம் ஒன்றே, சுற்று ஆடக் கூடாது. ஆடினால் மோட்டாரில் ஷார்ட் ஆகும், கிட்டாரில் கீச்சென்று கத்தும். மீட்டரில் வைத்தேன், மூன்றும் ஆறு கிலோ ஓம் பக்கம். நல்ல காயில்தான். அடியில் செராமிக் காந்தம் ஒட்டியிருந்தது, விலை கூடியவற்றில் அல்னிகோ என்கிற உலோகக் கலவைக் காந்தம் இருக்கும்.

குறை வேறிடத்தில். சிங்கிள் காயில் என்றால் உறுமும், அது குற்றமில்லை. வீட்டுக் கரண்டின் 50 சைக்கிளை ஒயரிலிருந்து, டியூப்லைட்டிலிருந்து, எங்கிருந்தெல்லாமோ பிடிக்கும். கொடைப் பந்தலில் சீரியல் செட்டுக்குக் கீழே நின்று வாசித்தவனுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் சுவிட்சின் இரண்டாவது, நாலாவது நிலைகளில் இரண்டு பிக்கப் சேர்ந்து வேலை செய்யும்போது அந்த உறுமல் அடங்க வேண்டும். 1954இல் ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வந்தபோது மூன்று நிலை சுவிட்ச்தான். வாசிக்கிறவர்கள் அதை இரண்டு நிலைகளுக்கு நடுவில் நிறுத்தி வைத்து இந்த ஓசையைக் கண்டுபிடித்தார்கள், 1977இல் கம்பெனியே ஐந்து நிலை வைத்தது. இப்போது பெரும்பாலும் நடு பிக்கப்பைத் தலைகீழாகச் சுற்றி, காந்தத்தையும் தலைகீழாக வைக்கிறார்கள். உறுமலுக்குக் காயில் சுற்றின் திசை மட்டும்தான் கணக்கு. கம்பி ஓசைக்குச் சுற்றும் காந்தமும் சேர்ந்து கணக்கு. இரண்டையும் திருப்பினால் ஓசை கூடும், உறுமல் கழியும்.

என்னுடையதில் கழியவில்லை. பழைய ஸ்பீக்கர் காந்தத்தை நூலில் கட்டித் தொங்கவிட்டு மூன்று பிக்கப் மேலும் கொண்டுபோனேன். மூன்றும் ஒரே மாதிரி இழுத்தன. ஒரே பிக்கப்பை மூன்று தடவை மாட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான் கதை.

புது செட் வாங்கினால் நாலாயிரம், ஐயாயிரம். அதற்கு மனசு வரவில்லை. நடு பிக்கப்பின் அடியில் ஒட்டியிருந்த காந்தப் பட்டையை, முடி உலர்த்துகிற மெஷினால் லேசாகச் சூடுகாட்டி, பிளேடால் நெம்பி எடுத்து, புரட்டிப் போட்டு ஒட்டினேன். ஆம்ப்பில் (ஒலியைப் பெருக்குகிற பெட்டி) செருகினால் உறுமல் அப்படியே, ஓசை மட்டும் சளி பிடித்தவன் மூக்கால் பேசுகிற மாதிரி மெலிந்துவிட்டது. ஒரு நிமிஷம் திக்கென்றது. அப்புறம்தான் உறைத்தது. காந்தத்தை மட்டும் திருப்பியிருக்கிறேன், சுற்றைத் திருப்பவில்லை. சுற்றை அவிழ்த்துத் திருப்பிச் சுற்ற வேண்டியதில்லை. அந்தக் காயிலின் இரண்டு ஒயரையும் இடம் மாற்றிப் பற்றவைத்தால் போதும். மூன்று ஃபேஸில் இரண்டை மாற்றினால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும் என்று தினம் பத்துப் பேருக்குச் சொல்கிறவன் இதை மறந்துவிட்டேன். மாற்றியதும் இரண்டும் நாலும் அமைதியாகிவிட்டன. உலர்த்த வைத்த மோட்டாருக்காகக் காத்திருந்த ஒரு விவசாயி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இது எத்தன எச்பி அண்ணாச்சி?" என்றார். பத்து வாட் ஆம்ப்.

இதைச் செய்ய நினைக்கிறவர்களுக்கு ஒன்று. அந்தக் கம்பி விரல் நகம் பட்டாலே அறும். அடிப்பக்கம் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் பிளேடு போகவே கூடாது. காந்தம் தனிப் பட்டையாக இல்லாமல் ஆறு குச்சியாக உள்ளேயே நின்றால் இந்த வேலையைத் தொடவே வேண்டாம்.

வால்யூம் குமிழும் மாற்றினேன். பத்திலிருந்து மூன்று வரை குறைத்தாலும் சத்தம் பெரிதாகக் குறையாது, அப்புறம் பட்டென்று செத்துவிடும். கழற்றினால் பி500கே என்று இருந்தது, பி என்றால் நேர் ஏற்றம். நம்ம காதுக்கு ஏ வகைதான் படிப்படியாகக் கேட்கும். சிங்கிள் காயிலுக்கு வழக்கமான ஏ250கே போட்டதில் கூர்மையான கீச்சுக் கீச்சு ஓசையும் கொஞ்சம் மட்டுப்பட்டது. புதுக் குமிழின் தண்டு பெரிது, தகட்டின் ஓட்டையை உருண்டை அரத்தால் அகட்ட வேண்டியிருந்தது. குழிக்குள் தாமிர நாடா ஒட்டி எர்த்தோடு சேர்த்ததையும் சொல்லிவிடுகிறேன், அதில் வித்தியாசம் இருக்கிறது, ஆனால் காந்தத்தைத் திருப்பிய அளவுக்கு இல்லை.

எர்த் என்றதும் ஞாபகம் வருகிறது. கிட்டார் கம்பிகள் பிரிட்ஜ் வழியாக ஆம்ப்பின் எர்த்தோடுதான் சேர்ந்திருக்கின்றன. ஜெனரேட்டர் கரண்டில் மைக்கைத் தொட்டதும் உதட்டில் சுளீரென்று வாங்கிய அனுபவம் எனக்கு உண்டு. மூன்று முள் பிளக்கில் பெரிய முள்ளை வெட்டிவிட்டுச் செருகுகிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

மொத்தக் கணக்கு: கிட்டார் 8,500. கம்பி, நட், குமிழ், நாடா, எண்ணெய் எல்லாம் சேர்த்து 1,650. இதே 10,150க்குப் பெட்டி பிரிக்காத புதுசு கிடைத்திருக்கும், ஆனால் அதிலும் இதே வேலைதான் காத்திருக்கும் என்பது என் கணக்கு. பற்றவைப்பு தெரியாதவர் என்றால் ஆறு மாசம் பொறுத்து, இன்னும் ஐயாயிரம் பத்தாயிரம் சேர்த்து, பெயர் பெற்ற கம்பெனியில் வாங்குவது நல்லது. வேலை தெரிந்தவருக்கும், பக்கத்தில் தெரிந்த ஆள் இருப்பவருக்கும் டிஸ்ப்ளே பீஸ் லாபம்.

கடையில் கொடுத்த இலவச கேபிளைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, இரண்டாவது வாரம் கரகரத்தது, வெட்டி டெஸ்ட் லேம்ப்புக்குப் போட்டுவிட்டேன். ஐப்பசி மழை பிடித்ததும் கழுத்து கொஞ்சம் அசைந்து கம்பி உயர்ந்தது, கால் சுற்று முடுக்கினேன். ஜாக் மட்டும் வாரத்துக்கு ஒரு தடவை இளகுகிறது, பல் வாஷர் ஒன்று போட வேண்டும். டி கம்பியில் பதினாலாவது ஃப்ரெட்டில் லேசாக ஒரு அதிர்வு இன்னும் இருக்கிறது. ஆம்ப்பில் கேட்பதில்லை, காதைக் கிட்டே வைத்தால் கேட்கிறது. அதை அப்படியே விட்டுவிட்டேன்.