58 சரிதான், தொப்பிதான் சரியில்லை

"உன் தொப்பி நல்லா இருக்கே, நானும் அதையே வாங்கட்டுமா? என்ன சைஸ்?" என்று போன வாரம் நண்பன் கேட்டான். சட்டென்று பதில் வரவில்லை. மூன்று வருஷமாக இந்த ஃபெல்ட் (ரோமத்தை அழுத்திச் செய்யும் துணி) தொப்பியோடு எனக்குத் தீராத வழக்கே அந்த சைஸில்தான்.

அளந்ததில் தப்பில்லை. தையல் டேப்பைப் புருவத்துக்கும் காதுக்கும் ஒரு விரல் அகலம் மேலே வைத்து, பின்மண்டை புடைத்திருக்கும் இடத்தின் மேல் சுற்றிக்கொண்டு வந்தேன். மூன்று தடவையும் 58 செ.மீ. அமெரிக்கக் கணக்கில் அது 7¼, பிரிட்டிஷ் கணக்கில் 7⅛. அதையும் பார்த்துத்தான் வாங்கினேன்.

முதல் நாள் ஒரு மணி நேரத்திலேயே நெற்றி வலி. கழற்றினால் நடு நெற்றியில் சிவப்பாக ஒரு கோடு. ஆனால் காதுகளுக்கு மேலே சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு இடைவெளி! காற்றடித்தால் ஆடும். ஒரே தொப்பி, முன்னால் இறுக்கம், பக்கத்தில் தொளதொளப்பு.

ஸ்கேலை எடுத்துத் தொப்பியின் உள்வாயை அளந்தேன். நீளம் 20, அகலம் 17. அப்புறம் தலையை இரண்டு கனமான புத்தகங்களுக்கு நடுவில் வைத்து அளக்கச் சொன்னேன். நீளம் 21, அகலம் பதினைந்தரை. சுற்றளவு என்னவோ இரண்டுக்கும் 58தான். டேப் சுற்றளவைச் சொல்லும், வடிவத்தைச் சொல்லாது. நீண்ட தலைக்கென்றே தனி அச்சில் தொப்பி செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் என் தொப்பியைச் செய்தவர்களுடைய அளவுப் பட்டியலில் அதைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. இன்றைக்கு நினைத்தாலும் ஆத்திரமாக வருகிறது.

உள்ளே இருக்கும் தோல் பட்டையை வெளியே மடக்கிவிட்டு (சூடு பட்டால் தோல் சுருங்கும்), ஃபெல்ட்டில் மட்டும் ஆவி காட்டி, முன்னும் பின்னும் கையால் இழுத்துவிட்டு, ஆறும்வரை தலையிலேயே வைத்திருந்தேன். பக்கங்களில் பட்டைக்குப் பின்னால் நுரைத் துண்டு செருகினேன். வலி போய்விட்டது. ஆனால் மாதக்கணக்கில் மெல்ல மெல்லப் பழைய வடிவத்துக்கே திரும்பிவிடுகிறது. மறுபடி ஆவி, மறுபடி நுரை.

நியாயமாகச் சொன்னால், துணி அருமை. எத்தனையோ மழை பார்த்தும் விளிம்பு தொங்கவில்லை. தூறலில் துளிகள் மேலே முத்து முத்தாக நிற்கும், உதறினால் போய்விடும். இவ்வளவு நல்ல ஃபெல்ட்டை நான் தொட்டதில்லை.

நண்பன் நுரையை உருவிவிட்டுப் போட்டுப் பார்த்தான். அவன் தலையும் 58, ஆனால் உருண்டை. செய்து வைத்த மாதிரி உட்கார்ந்தது, தலையை உலுக்கியும் அசையவில்லை. அப்படியும் வாங்காதே என்றுதான் சொன்னேன். பட்டியலில் அந்த ஒரு வரியை அவர்கள் சேர்க்கட்டும், அதுவரை இதை வாங்கு என்று சொல்ல என் வாய் வராது.