நான்கு ஆல்பத்துக்கும் ஒரே பெயர்: பீட்டர் கேப்ரியல் மறுபதிப்பு வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் வம்பு. தவிர, ஒன்றைக் காட்டிப் பணம் வாங்கி வேறொன்றை அனுப்பும் இந்த வேலையை அந்த ஒரு கடைதான் செய்கிறது என்றும் எனக்குத் தோன்றவில்லை. இங்கிலாந்தில் இருந்துகொண்டு இணையத்தில் இசைத்தட்டு விற்கும் கடை என்பது மட்டும் போதும்.

எனக்கு இங்கிலாந்துப் பாடகர் பீட்டர் கேப்ரியல் அறிமுகமானதே எல். சங்கரின் வயலின் வழியாகத்தான். 1989இல் வந்த ‘பேஷன்’ ஆல்பத்தில் சென்னையில் பிறந்த சங்கரின் இரட்டை வயலின் ஒலிக்கும். அங்கிருந்து பின்னோக்கிப் போய்ப் போய், ஜெனிசிஸ் என்ற ராக் குழுவை விட்டு வந்தபின் அவர் தனியாகச் செய்த முதல் நான்கு ஆல்பங்களில் மாட்டிக்கொண்டேன். 1977, 1978, 1980, 1982. நான்குக்கும் ஒரே பெயர்: ‘பீட்டர் கேப்ரியல்’. பத்திரிகைக்கு மாதா மாதம் பெயரா மாற்றுகிறார்கள், அதுபோல என்பது அவர் எண்ணம். அமெரிக்காவில் நான்காவதை வெளியிட்ட நிறுவனம் பொறுக்க முடியாமல் உறைமேல் ‘செக்யூரிட்டி’ என்று ஒட்டி விற்றது. ரசிகர்கள் அட்டைப்படத்தை வைத்து அடையாளம் சொல்வார்கள்: மழையில் நனைந்த கார், காகிதத்தைக் கிழிக்கும் விரல்கள், உருகி வழியும் முகம். இந்த ஒற்றைப் பெயர்தான் என் விஷயத்தில் கடைக்காரருக்குக் கைகொடுத்தது.

நான் தேடியது உருகும் முகம், மூன்றாவது. டிரம்ஸில் சிம்பலே (கலீரென்று ஒலிக்கும் உலோகத் தட்டு) கூடாது என்று கேப்ரியல் அடம்பிடித்த ஆல்பம் அது. முதல் பாட்டில் ஃபில் காலின்ஸ் அடிக்கும் ஒவ்வொரு அடியும் பெரிதாக முழங்கி, கதவைச் சாத்தியதுபோல் சட்டென்று நின்றுவிடும். அந்தச் சத்தத்தைத்தான் எண்பதுகள் முழுக்க ஊரே காப்பியடித்தது. அடிக்கும் அடிக்கும் நடுவே வெறும் மௌனம். தட்டில் ஒரு கீறல் இருந்தாலும் அந்த மௌனத்தில் பல்லிளிக்கும். அதனால்தான் நல்ல பதிப்பாக வேண்டும் என்று அலைந்தேன்.

2015இல் இந்த நான்கையும் 45 வேகத்தில் (நிமிடத்துக்கு 45 சுற்று) இரட்டைத் தட்டாக, எண்ணிட்ட பிரதிகளாக, ஒவ்வொன்றும் 10,000 மட்டும் என்று வெளியிட்டார்கள். மூலப்பதிவைப் பாதி வேகத்தில் ஓட்டி, தட்டில் பள்ளம் வெட்டும் இயந்திரத்தையும் பாதி வேகத்தில் சுழற்றி எடுத்த பதிப்பு. அப்படி வெட்டும்போது உயர்ந்த ஒலிகளைச் செதுக்க ஊசிக்கு இரட்டிப்பு அவகாசம் கிடைக்கும். 45 வேகத்தில் ஒரு பக்கத்தில் கொஞ்ச நேரப் பாட்டுதான் அடங்கும்; ஆகவே ஒரே ஆல்பம் மூன்று பக்கங்களில் பரவும், நான்காவது பக்கத்தில் பாட்டில்லாமல் பொறிப்பு மட்டும் இருக்கும். அப்புறம் சாதாரண 33 வேகத்தில் ஒற்றைத் தட்டாகவும் வந்தது. அது மோசமான பதிப்பு இல்லை. ஆனால் அதன் விலை வேறு.

கடையின் விளம்பரத்தில் ‘45 வேகம், இரட்டைத் தட்டு, எண்ணிட்ட பதிப்பு, பிரிக்காதது’ என்று இருந்தது. பின்னட்டையில் எண் தெரியும் படமும் இருந்தது. விலை 94 பவுண்டு. கீழே ‘3 பிரதிகள் உள்ளன’ என்று வேறு போட்டிருந்தார்கள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். எண்ணிட்ட பதிப்பில் ஒரு எண் ஒரு பிரதிக்குத்தான். மூன்று பிரதிக்கும் ஒரே எண் தெரியும் ஒரே படம் என்றால், படத்தில் இருப்பது என் வீட்டுக்கு வரப்போவதில்லை என்றுதானே அர்த்தம்? ஆசை கண்ணை மறைத்தது.

பெட்டி வந்ததும் கையில் கனம் குறைவாகப் பட்டது. சரி, பார்ப்போம் என்று மேலே சுற்றியிருந்த பிளாஸ்டிக்கைப் பிரித்தேன். ஒரே தட்டு, 33 வேகம், எண் எங்கும் இல்லை. அது போதாதென்று, நடுத்தாளில் துளையைச் சுற்றி மெல்லிய கோடுகள். டர்ன்டேபிளின் நடுக்கம்பியில் தட்டைத் தடவித் தடவி மாட்டும்போது விழும் கோடுகள் அவை. யாரோ போட்டுக் கேட்ட தட்டு. மறுபடி பிளாஸ்டிக் சுற்றிச் சூடான காற்றைக் காட்டினால் எதையும் ‘பிரிக்காதது’ ஆக்கிவிடலாம்.

எழுதிக் கேட்டேன். வந்த பதிலின் சாரம்: கலைஞர் பெயர் பீட்டர் கேப்ரியல், ஆல்பத்தின் பெயர் பீட்டர் கேப்ரியல், இரண்டும் சரியாக இருக்கிறது, மேலும் பிரித்த இசைத்தட்டைத் திரும்ப எடுப்பதில்லை, சட்டமே அப்படித்தான் சொல்கிறது.

இந்தச் சட்டப் பேச்சில்தான் பலரும் பின்வாங்கிவிடுவார்கள், நானும் இரண்டு நாள் வாயடைத்துப் போனேன். அவர் சொன்னது பாதி உண்மை. இணையத்தில் வாங்கியதை மனம் மாறி 14 நாளுக்குள் ரத்து செய்ய பிரிட்டனின் 2013ஆம் ஆண்டு விதிகளில் இடம் உண்டு. முத்திரை பிரித்த ஒலிப்பதிவுகளுக்கு மட்டும் அந்தச் சலுகை கிடையாது. ஆனால் நான் மனம் மாறவில்லையே! விவரித்தது ஒன்று, வந்தது வேறு. அதற்கு 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் தனியாக இருக்கிறது. விவரித்தபடி பொருள் இல்லையென்றால் 30 நாளுக்குள் நிராகரித்து முழுப் பணத்தையும் கேட்கலாம். பிளாஸ்டிக்கைப் பிரித்ததற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பிரிக்காமல் உள்ளே என்ன இருக்கிறது என்று எப்படிப் பார்ப்பது? திருப்பி அனுப்பும் நியாயமான செலவும் விற்றவர் தலையில்தான்.

இன்னொரு சங்கடம். பொருளின் விலை 100 பவுண்டைத் தாண்டியிருந்தால், கிரெடிட் கார்டில் வாங்கியதற்கு 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி கார்டு நிறுவனத்தையே பொறுப்பாக்கியிருக்கலாம். 94 என்ற விலை தற்செயலா, கணக்கா, எனக்குத் தெரியாது. சார்ஜ்பேக், அதாவது கார்டில் கட்டிய பணத்தை வங்கி மூலம் திரும்பக் கேட்பது, என்ற வழி மட்டும் திறந்திருந்தது. விளம்பரத்தை முதல் நாளே படம் பிடித்து வைத்திருந்தேன், அது ஒன்றுதான் நான் செய்த புத்திசாலித்தனம். அந்தப் படம், துளையருகே இருந்த கோடுகளின் படம், சட்டத்தின் பெயர், ‘இத்தனாம் தேதிக்குள் பணம் வராவிட்டால் வங்கிக்குப் போகிறேன்’ என்று ஒரு வரி. ஐந்தாம் நாள் 94 பவுண்டு வந்தது. தபால் செலவு இன்றுவரை வரவில்லை. அதற்காகக் கோர்ட்டுக்குப் போகவா முடியும், விட்டுவிட்டேன்.

நீங்கள் வாங்குவதாக இருந்தால் பணம் கட்டும் முன்பே எழுதிக் கேளுங்கள்: எனக்கு வரப்போகும் பிரதியின் எண் என்ன, எத்தனை தட்டு, எந்த வேகம், நான்காவது பக்கத்தில் பொறிப்பு இருக்கிறதா? பதில் எழுத்தில் வரட்டும். பழைய 1980 பதிப்பென்று யாராவது விற்றால் அட்டையில் ‘சிடிஎஸ் 4019’ என்ற எண்ணைப் பாருங்கள். 4006 இருந்தால் அது கார், 4013 என்றால் கிழிக்கும் விரல்கள். உண்மையில் அந்தப் பழைய பதிப்பு ஒன்றும் அபூர்வமில்லை. பிரிட்டனில் முதலிடத்துக்குப் போன ஆல்பம், குவியல் குவியலாக விற்றது. கடைசியில் நான் வாங்கியதும் அதைத்தான், ஒரு சர்ச் ஹாலில் நடந்த ரெக்கார்டு சந்தையில், 12 பவுண்டுக்கு. லேசாகப் பொரிகிறது. பரவாயில்லை.

நேற்று அந்தக் கடையின் பக்கத்தை எட்டிப் பார்த்தேன். அதே படம், அதே எண், ‘கடைசி 1 பிரதி’ என்று போட்டிருக்கிறது. விலை 97.