குடிசை விழுந்தால் முதலில் எந்த ஆபீஸ்?

2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் மழை கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்தது. அந்த வாரம் பக்கத்துக் கிராமத்தில், மண்சுவர் சரிந்த ஒரு வீட்டு வாசலில் அக்கா ஒருவர் ரேஷன் கார்டையும் பட்டா நகலையும் முறத்தில் பரப்பிக் காயவைத்துக்கொண்டிருந்தார். "விஏஓகிட்ட போறதா, பிடிஓ ஆபீஸ் போறதா தம்பி?" என்று கேட்டார்.

பிடிஓ, அதாவது வட்டார வளர்ச்சி அலுவலர் ஆபீஸில் வீடு கட்டக் கிடைப்பது பெரிய தொகைதான். மாநில அரசின் கலைஞரின் கனவு இல்லம் திட்டம் என்றால் 3.5 லட்சம் ரூபாய், 360 சதுர அடி வீடு. அதில் 300 சதுர அடிக்கு கான்கிரீட் கூரை. ஆனால் பயனாளி பட்டியலில் பெயர் வர வேண்டும், இடத்துக்குப் பட்டா வேண்டும், கட்டக் கட்டத்தான் தவணை. இன்று ராத்திரி எங்கே படுப்பது என்று நிற்பவருக்கு அது ரொம்ப தூரம். பிரதமர் வீட்டு வசதித் திட்டத்திலும் இதே கதைதான்: பட்டியலில் பெயர் இருந்தால் சமவெளியில் 1.20 லட்சம், கான்கிரீட் கூரைக்கு மாநில அரசு தனியாகச் சேர்த்துத் தரும்.

விஏஓ, அதாவது கிராம நிர்வாக அலுவலர் வழியாக வருவது பேரிடர் நிவாரணம். 2022-26க்கான விதிப்படி குடிசைக்கு 8,000 ரூபாய். ஃபெஞ்சலுக்கு மாநில அரசு 10,000 அறிவித்தது. கீற்றும் மூங்கிலும் வாங்கிக் கூலி கொடுத்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது.

இங்கேதான் பலர் கவனிக்காத விஷயம் ஒன்று இருக்கிறது. அதே விதியில், முழுசாக இடிந்த வீட்டுக்கு சமவெளியில் 1.20 லட்சம். அது மாடி வீட்டுக்கு மட்டுமல்ல, மண், கல், ஓடு வைத்துக் கட்டிய கச்சா வீட்டுக்கும் உண்டு. கீற்று, மண், பிளாஸ்டிக் தாள் கொண்டு ஒப்புக்கு நிற்பதுதான் குடிசை. கல்லும் மண்ணும் வைத்து எழுப்பி ஓடு போட்ட வீட்டை சேத அறிக்கையில் 'குடிசை' என்று எழுதிவிட்டால், ஒரே வார்த்தையில் ஒரு லட்சத்துக்கு மேல் போய்விடும். அதனால் என்ன எழுதுகிறார்கள் என்று கேளுங்கள். ஒத்துவராவிட்டால் தாசில்தாரிடம் மனு கொடுங்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டமும் இருக்கிறது.

என்னைக் கேட்டால், முதலில் விஏஓ, அப்புறம் அதே வாரத்தில் பிடிஓ. சேத அறிக்கையின் நகல் கையில் இருந்தால் அங்கே முன்னுரிமை கேட்க வாய் வரும்.

அந்த அக்காவிடமும் இதையே சொன்னேன். விஏஓ வந்து போட்டோ எடுக்கும்வரை, இடிந்த சுவரில் ஒரு கல்லைக்கூட அவர் நகர்த்தவில்லை. ஓடுகளை மட்டும் எண்ணி ஓரமாக அடுக்கி வைத்திருந்தார்.