கிருஷ்ணகிரி மிலிட்டரி சாமான் கடை: எதை வாங்கலாம், எதை விடலாம்

பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து மிலிட்டரி சாமான் கடையில் தார்ப்பாய் தாராளமாக வாங்கலாம். வெயிலுக்கு எதிரே விரித்துப் பாருங்கள். மடிப்பில் ஊசித்துளையாய் வெளிச்சம் தெரிந்தால் மழைக்கு ஒழுகும். பூட்ஸில்தான் ஏமாறுவார்கள். பல வருஷம் கிடங்கில் கிடந்த பாலியூரித்தேன் (நுரைபோன்ற ஒருவகை பிளாஸ்டிக்) அடிப்பாகம் காற்றின் ஈரத்திலேயே இற்றுப்போய் நடக்கும்போது உதிரும். வளைத்துப் பாருங்கள், வெடிப்பு தெரிந்தால் வைத்துவிடுங்கள். தைத்த ரப்பர் அடி தாங்கும்.

ராணுவத்தின் புதிய போர்ச்சீருடைத் துணி மட்டும் வேண்டாம். 2022-இல் அறிமுகமான அந்த வடிவமைப்பை ராணுவம் பதிவு செய்திருக்கிறது. வெளியே விற்கக் கூடாது. முதுகுப்பை சுமார்தான், ஜிப் மட்டம்.