டெரியருடன் ஐந்து வருட நடை: ஹார்னஸும் நீளக் கயிறும் எப்படித் தாங்கின?

லத்தீனில் மண்ணைக் குறிக்கும் ‘டெர்ரா’ என்ற சொல்லிலிருந்து வந்த பெயர் டெரியர். நரியையும் எலியையும் வளைக்குள்ளேயே போய் மடக்குவதற்காக வளர்த்தெடுத்த நாய் வகை. ஏழு கிலோ உடம்புக்குள் இருக்கும் அந்த வேகம் நடைக்குக் கூட்டிப்போகும்போதுதான் முழுசாக வெளியே வரும். நின்ற இடத்தில் மூக்கு தரையில் பதியும், வால் விறைக்கும், அடுத்த நொடி ஆளே இருக்காது. அதை அடக்கி வைப்பதில் சந்தோஷம் இல்லை. பத்திரமாக ஓடவிடத் தோதான சாமான் வேண்டும். நெஞ்சையும் உடம்பையும் சுற்றி மாட்டும் மூன்று பட்டை ஹார்னஸ், பிளாஸ்டிக் பூசிய பத்து மீட்டர் பயோதேன் கயிறு, பித்தளைக் கொக்கி என்று ஒரு செட் காடு, மலைப்பாதை, கடற்கரை எல்லாவற்றிலும் ஐந்து வருடம் உழைத்திருக்கிறது.

முதலில் கழுத்துப் பட்டை. பெயர் வில்லையைத் தொங்கவிட மட்டும் அது போதும். கயிறை அதில் மாட்டக் கூடாது. நாய் இழுக்கும்போது கழுத்துப் பட்டை கண்ணுக்குள் இருக்கும் அழுத்தத்தை ஏற்றிவிடும், ஹார்னஸில் அந்தச் சிக்கல் இல்லை. கண் லென்ஸ் இடம் பெயரும் பரம்பரை நோய் பல டெரியர் இனங்களில் உண்டு என்பதால் இந்த விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே வேண்டாம்.

ஹார்னஸ் என்றால் நெஞ்சில் ‘ஒய்’ வடிவில் இறங்குவது. தோளைக் குறுக்கே மறிக்கும் வகை முன்காலின் வீச்சைக் கெடுக்கும். ஆனால் ஒய் வடிவம் மட்டும் போதாது. டெரியரின் பின்வாங்கும் வித்தையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: உங்களைப் பார்த்துத் திரும்பி, தலையைத் தாழ்த்தி, முழங்கையை மடக்கி, சரசரவென்று பின்னால் போகும். இரண்டு பட்டை ஹார்னஸ் தலை வழியாக உருவிக் கையோடு வந்துவிடும். மூன்றாவது பட்டை விலாக்கூட்டின் அகலமான பகுதியைத் தாண்டி, இடுப்பு குறுகத் தொடங்கும் இடத்தில் உட்காருகிறது. அகலத்தைத் தாண்டி அது முன்னால் வராது, நாயும் உருவிக்கொள்ள முடியாது. வாங்கியதும் கதவைச் சாத்திவிட்டு, பிஸ்கட்டைக் காட்டிப் பின்னால் நடக்கவைத்துச் சோதியுங்கள். தோட்டத்தில் வைத்துச் சோதிக்காதீர்கள்.

அளவு எடுக்கும்போது மூன்று விஷயம். கழுத்தின் அடிப்பகுதி, நெஞ்சின் ஆழமான சுற்றளவு, அக்குளுக்கும் நெஞ்சுப் பட்டைக்கும் நடுவே குறைந்தது இரண்டு விரல் இடைவெளி. பெரும்பாலும் தவறுவது கடைசி அளவில்தான். பட்டை அக்குளை ஒட்டினால் ஒரு நீண்ட நடையிலேயே முடி சிக்குப் போட்டு, தோல் சிவந்துவிடும். பார்டர் டெரியர், கேர்ன் டெரியர் போன்ற கரடுமுரடான முடிக்காரர்களுக்கு இன்னொன்று: முதிர்ந்த முடியைக் கையால் பிடுங்கிச் சீர்செய்த மறுநாள் அதே ஹார்னஸ் தொளதொளவென்று ஆகிவிடும். ஒவ்வொரு முறையும் பட்டைகளைத் திரும்ப இறுக்க வேண்டும். தப்பித்துப் போகும் நாய்களில் பல இப்படித்தான் போகின்றன.

கயிறுக்கு வருவோம். நைலான் பட்டை மலிவு, லேசு; ஆனால் சேற்றைக் குடித்துக் கனக்கும், காயும்வரை நாறும், வேகமாக ஓடும்போது உள்ளங்கையைச் சுட்டுவிடும். பயோதேன் என்பது பாலியெஸ்டர் பட்டைக்கு மேல் பிளாஸ்டிக் பூச்சு கொடுத்தது. தண்ணீர் ஏறாது, துணியால் துடைத்தால் போதும். பத்து கிலோவுக்குள் இருக்கும் நாய்க்கு 13 மில்லிமீட்டர் அகலம் கச்சிதம். 9 மில்லிமீட்டர் இன்னும் லேசுதான், ஆனால் கையில் அறுக்கும். நுனியில் கைப்பிடி வளையம் இல்லாததாக வாங்குங்கள். தரையில் இழுபடும்போது வளையம் வேரில் மாட்டிக்கொள்ளும். தானாகச் சுருளும் பெட்டி லீஷ் டெரியருக்கு வேண்டவே வேண்டாம். எப்போதும் லேசான இழுவை இருப்பதால் இழுத்தால் நீளும் என்று நாய் கற்றுக்கொள்கிறது, கை தவறினால் பெட்டி கடகடவென்று பின்னாலேயே துரத்தி நாயை மிரட்டுகிறது.

பிடிக்கிற முறையும் முக்கியம். கையில் சுற்றாதீர்கள், விரல் போகும். மடிப்பு மடிப்பாக ஒரு கையில் வைத்து, மறு கையால் விட்டுக்கொடுங்கள். பத்து மீட்டரும் ஒரே ஓட்டத்தில் தீர்ந்தால் வரும் உலுக்கலை ஹார்னஸ் தாங்கும், நாயின் முதுகு தாங்காது. அதனால் கடைசி மூன்று மீட்டர் எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும்; ஓட்டம் தொடங்கியதும் விரலை மெல்ல இறுக்கி வேகத்தைக் குறையுங்கள். இதே காரணத்துக்காக நீளக் கயிறைக் கம்பத்தில் கட்டிவிட்டுப் போகக் கூடாது.

வளைகள் நிறைந்த கரையில் கயிறு இரண்டு மீட்டருக்குச் சுருங்க வேண்டும். ஹார்னஸோடு உள்ளே போன நாய் வேரில் சிக்கினால் தானாக வெளியே வர முடியாது. தலை உள்ளே போய்விட்டதா? தூரத்தில் நின்று கயிறை இழுத்தால் அது இன்னும் முட்டுக்கொடுத்துத் தோண்டும். கிட்டே போய், நெஞ்சுக்கு அடியில் கைகொடுத்துத் தூக்குங்கள். மூக்கு நுனியெல்லாம் மண்ணோடு, இன்னும் வளையையே பார்த்துக்கொண்டு நெஞ்சு படபடக்கக் கையில் கிடக்கும் அந்த முகத்தைக் கோபித்துக்கொள்ள யாராலும் ஆகாது.

தேய்மானம் என்று பார்த்தால், பயோதேன் முதல் மாதம் விறைப்பாக இருந்து பிறகு தோலைப் போல இளகியது. இரண்டாம் வருடம் ஹார்னஸின் ஒளி பிரதிபலிக்கும் நூல் மங்கியது. பிளாஸ்டிக் பக்கிள்களுக்கு எதிரி கடற்கரை மணல்: உள்ளே போனால் ‘டிக்’ சத்தம் வராமல் பாதி மாட்டிய நிலையில் நிற்கும். நல்ல தண்ணீரில் அலசி, மூன்று முறை திறந்து மூடினால் சரியாகும். அந்தச் சத்தம் கேட்காமல் வாசல் தாண்ட வேண்டாம். கொக்கி பித்தளையாக இருந்தாலும் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் உப்பில் துருப்பிடித்தது. மூன்றாம் வருடம் மாற்ற வேண்டிவந்தது. கயிறில் பல் பட்ட வெட்டு தெரிந்தால் அந்த இடம் வரை நறுக்கி எறிந்துவிடுங்கள். எட்டு மீட்டர் கயிறும் நல்ல கயிறுதான்.

விடுமுறைக்குப் போன இடத்தில் நாயை அவிழ்த்துவிடும் முன் கயிறோடு வேலி ஓரமாக ஒரு சுற்று வாருங்கள். எங்கே மூக்கை நுழைத்து நிற்கிறதோ அங்கேதான் ஓட்டை. தலை போனால் உடம்பும் போகும், போகாவிட்டால் அடியில் தோண்டும். காரில் போகும்போது கூண்டு வேண்டும். எழுந்து நின்று திரும்பிப் படுக்க இடம் இருந்தால் போதும், அதைவிடப் பெரிதானால் வளைவுகளில் உருளும். கிளம்புவதற்கு மூன்று மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடித்துவிடுங்கள். சாதாரண நாளில் கிலோவுக்கு 50 முதல் 60 மில்லிலிட்டர் தண்ணீர் கணக்கு, நடை நாளில் இன்னும் கூடும். கடற்கரைக்கும் தண்ணீர் கொண்டுபோங்கள். தாகத்தில் கடல்நீரைக் குடித்தால் வாந்தியும் பேதியும் வரும், நிறையக் குடித்தால் உயிருக்கே ஆபத்து.

திரும்பியதும் ஹார்னஸைக் கழற்றிய கையோடு அது மறைத்திருந்த இடங்களைத் தடவிப் பாருங்கள். உண்ணிக்குப் பட்டையின் அடி பிடித்த இடம். நுனி மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, நசுக்காமல் நேராக இழுத்தால் வந்துவிடும். பிறகு காது மடல், கால்விரல் இடுக்கு. ஊசிப்புல் விதை முனை உள்ளே, வால் வெளியே என்று குத்தி நிற்கும்; ஓரிரு நாள் விட்டால் தோலுக்குள் நகர்ந்து சீழ் கட்டும். நாய் ஒரே பாதத்தை விடாமல் நக்குகிறதென்றால் விளக்கு வெளிச்சத்தில் விரல்களை விரித்துப் பாருங்கள்.